சூரிய மின்கலத்துக்கு அச்சு வெள்ளி மை: ஆய்வகத்தில் புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

சிலிக்கான் சூரிய மின்கலத்தின் முகப்பில் விரல்களைப் போல ஓடும் மெல்லிய வெள்ளிக் கோடுகளை அச்சிடுவதற்கான மையைக் கல்லூரி ஆய்வகம் ஒன்றில் தயாரிக்க முனைந்து, முதல் பதினான்கு மாதங்களில் பெரும்பகுதியை வீணாக்கியவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன். மை தயாரிப்பதுதான் கடினம் என்று எண்ணித் தொடங்கினேன். ஆனால் மை மூன்றாம் மாதமே வந்துவிட்டது. கண்ணாடித் தகட்டில் பளபளப்பாகக் கோடும் விழுந்தது. அந்தக் கோடு மின்கலத்தின் மேல் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்ப்பதற்குரிய வேஃபர், அதாவது கலம் செய்யும் மெல்லிய சிலிக்கான் தகடு, கைக்கு வர மேலும் பதினொரு மாதம் ஆயிற்று. வந்த அன்றே, கண்ணாடிக்காகப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்த மை வேஃபருக்கு உதவாது என்பது தெரிந்துபோயிற்று.

ஆகவே இங்கே படிகளின் வரிசை நான் சென்ற வரிசைக்கு நேர்மாறானது. முதலில் கலம், அடுத்து அச்சு முறை, அதன் பிறகே மை. வேதியியல் பின்னணியிலிருந்து வருவோருக்கு இது எரிச்சலூட்டும். இருந்தும் இப்படியே செய்யுங்கள்.

1. எந்தக் கலத்துக்கான மை என்பதை முடிவு செய்யுங்கள்

எல்லாக் கலத்துக்கும் பொருந்தும் வெள்ளி மை என்று ஒன்று இல்லை. சந்தையில் மிகுதியாகப் புழங்கும் கலங்களில், சுமார் 75 நானோமீட்டர் தடிமனுள்ள சிலிக்கான் நைட்ரைடு பூச்சின் மேல் வெள்ளிப் பசை அச்சிடப்படுகிறது. 750 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரை சில நொடிகளே நீடிக்கும் சூட்டில், பசையிலுள்ள கண்ணாடித் தூள் உருகி அந்தப் பூச்சை அரித்து, வெள்ளியைச் சிலிக்கானோடு சேர்த்துவிடுகிறது. இவ்வகைப் பசையில் வெள்ளியைவிடக் கண்ணாடித் தூளின் கலவையே வேலையைத் தீர்மானிக்கிறது. அதில் பெரும்பாலும் ஈய ஆக்சைடு இருக்கும். வெப்பத்தை நொடிக்கணக்கில் ஏற்றி இறக்கும் பட்டை உலையும் வேண்டும். இவ்விரண்டையும் கையாளும் வசதி இல்லாத ஆய்வகம் இந்தப் பாதையில் இறங்காமல் இருப்பது நல்லது.

ஹெட்டரோஜங்ஷன் கலம் வேறு வகை. அதில் சிலிக்கான் வேஃபரின் இருபுறமும் படிகமற்ற சிலிக்கானின் மிக மெல்லிய அடுக்குகள் இருக்கும். அவை ஏறத்தாழ 200 டிகிரிக்கு மேல் கெடத் தொடங்கும். அவற்றின் மேல் இண்டியம் டின் ஆக்சைடு, சுருக்கமாக ஐ.டி.ஓ., என்னும் ஒளி ஊடுருவும் கடத்திப் பூச்சு இருக்கிறது. வெள்ளி எதையும் துளைத்துச் செல்ல வேண்டியதில்லை, ஐ.டி.ஓ.வை நன்றாகத் தொட்டால் போதும். சாதாரண ஓவனே உலையாகிவிடுவதால், சிறு ஆய்வகத்தில் புதிதாகத் தொடங்குவோருக்கு இதுவே ஏற்றது. இனி வருவதெல்லாம் இவ்வகைக் கலத்தை மனத்தில் வைத்து எழுதியது.

2. வேஃபருக்கான கடிதங்களை முதல் வாரமே அனுப்புங்கள்

உங்களுக்குத் தேவைப்படுவது ஐ.டி.ஓ. வரை முடிந்து, உலோகம் மட்டும் இடப்படாத அரைமுடிவுக் கலங்கள். இவை கடையில் கிடைப்பதில்லை. கலம் தயாரிக்கும் நிறுவனமோ ஆய்வு மையமோ மனம் வைத்துத் தர வேண்டும். கேட்கும்போது மூன்று பொருள்களைச் சேர்த்தே கேளுங்கள்: உலோகமிடாத வேஃபர்கள்; அதே தொகுதியில் வணிகப் பசை கொண்டு முழுமையாக்கிய சில கலங்கள்; அதே பூச்சு ஓட்டத்தில் கண்ணாடியின் மேல் ஐ.டி.ஓ. படியவைத்த சில சாட்சித் தகடுகள். இரண்டாவது இல்லாவிட்டால் உங்கள் மை நல்லதா கெட்டதா என்று ஒப்பிட எதுவும் இராது. மூன்றாவது ஏன் வேண்டும் என்பது எட்டாம் படியில் புரியும். நான் முதல் முறை வேஃபரை மட்டும் கேட்டேன்; மற்ற இரண்டுக்காக மறுபடி கடிதம் எழுதியபோது அந்தத் தொகுதியே தீர்ந்துபோயிருந்தது.

ஆவணங்களைப் பொறுத்தவரை, எத்தனை வேஃபர், எந்த அளவு, எந்தப் பக்கம், என்னென்ன சோதனை என்று ஒரே பக்கத்தில் அடங்கும் கோரிக்கைக் கடிதம் நெறியாளர் கையொப்பத்துடன் செல்ல வேண்டும். அதற்குப் பதிலாகப் பெரும்பாலும் ரகசியக்காப்பு ஒப்பந்தமும் பொருள் பரிமாற்ற ஒப்பந்தமும் வரும். இவற்றில் நெறியாளர் கையொப்பமிட முடியாது. நிறுவனத்தின் பதிவாளரோ அதற்கென அதிகாரம் பெற்றவரோதான் இட வேண்டும். அந்தக் கோப்பு சட்ட ஆலோசகரிடம் போய்த் திரும்பி வருவதற்குள் ஒரு பருவம் கழிந்துவிடும். எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. காலதாமதம் முழுவதற்கும் காரணம் இரண்டே வாசகங்கள். முடிவுகளை வெளியிட நிறுவனத்தின் முன்னனுமதி வேண்டும் என்பது ஒன்று. அதை "வெளியிடுவதற்கு முன் 30 நாள் பார்வைக்கு அனுப்பப்படும்" என்று மாற்றக் கேளுங்கள், பலரும் ஒப்புக்கொள்வார்கள். வேஃபரைக் கொண்டு உருவாகும் எல்லாக் கண்டுபிடிப்பும் அவர்களுக்கே என்பது மற்றொன்று; அதில் மையின் கலவையை வெளிப்படையாக விலக்கி எழுதச் செய்யுங்கள். பின்னால் காப்புரிமைக்குப் போகும்போது இந்த ஒரு வரியின் அருமை தெரியும்.

தனியார் நிறுவனம் கிடைக்காவிட்டால், மும்பை ஐ.ஐ.டி.யில் 2010 முதல் இயங்கும் தேசிய ஒளிமின்னழுத்த ஆய்வு, கல்வி மையத்தை நெறியாளர் வழியாக அணுகலாம். அளவீட்டுக் கருவிகளைப் பொறுத்தவரை, நாட்டின் பல நிறுவனங்களிலுள்ள கருவிகளைப் பதிவுசெய்து பயன்படுத்த ஐ-ஸ்டெம் தளம் இருக்கிறது. கருவிக்கான முறை வாரக்கணக்கில் தள்ளிப்போகக்கூடும் என்பதால், மாதிரி தயாரான பின் பதிவு செய்யலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

வேஃபர் வந்ததும் திறந்து பார்க்கும் ஆவலை அடக்குங்கள். உறை பிரிக்காமல் உலர்பெட்டியில் வைத்து, வந்த தேதியையும் தொகுதி எண்ணையும் எழுதி ஒட்டுங்கள்.

3. அச்சு முறையைத் தேர்ந்து, மைக்கு வேண்டிய எண்களை எழுதிக்கொள்ளுங்கள்

தொழிற்சாலையில் பயன்படுவது ஸ்கிரீன் பிரிண்டிங். அதற்கு வேண்டியது எடையில் 85 முதல் 92 சதவீதம் வரை வெள்ளி கொண்ட, தேனைவிடக் கெட்டியான பசை. அதைக் கலக்க மூன்று உருளை அரைவை எந்திரம் வேண்டும். அது உங்கள் வளாகத்தில் இருந்தால் அந்த வழியே நல்லது. இல்லையென்றால் இங்க்ஜெட்.

இங்க்ஜெட்டுக்கு மூன்று எண்கள் முக்கியம்: அடர்த்தி, பரப்பு இழுவிசை, பாகுநிலை. அடர்த்தி, பரப்பு இழுவிசை, துளையின் விட்டம் ஆகிய மூன்றையும் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தைப் பாகுநிலையால் வகுத்தால் வருவது இசட் எண். அது 1க்கும் 10க்கும் இடையே இருந்தால் துளி ஒழுங்காக விழும். ஆய்வகங்களில் பரவலாக உள்ள டைமாட்டிக்ஸ் வகை அச்சுப்பொறியின் 10 பிக்கோலிட்டர் கார்ட்ரிட்ஜில் துளை சுமார் 21 மைக்ரோமீட்டர். அடர்த்தி 1200 கி.கி./கன மீட்டர், பரப்பு இழுவிசை மீட்டருக்கு 30 மில்லிநியூட்டன் என்று கொண்டால், பாகுநிலை 10 மில்லிபாஸ்கல்-நொடி உள்ள மைக்கு இசட் எண் ஏறத்தாழ 2.75. அதே மை தண்ணீர் போல 2 மில்லிபாஸ்கல்-நொடியாக இருந்தால் ஏறத்தாழ 14. ஒவ்வொரு துளிக்குப் பின்னும் வால்துளிகள் தெறித்துக் கோட்டின் ஓரம் முழுவதும் புள்ளிகளாகும். மை தயாரிக்கும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. எவரும் எனக்கு அதைச் சொல்லவில்லை. "20 சதவீத வெள்ளி மை" என்பது எடைக் கணக்கு. வெள்ளியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 10.49 கிராம். ஆகவே அதே அலகில் அடர்த்தி 1.2 உள்ள அந்த மையில் வெள்ளியின் கன அளவு 2.3 சதவீதமே. 20 மைக்ரோமீட்டர் தடிமனில் ஈரமாக விழும் கோடு, உலர்ந்த பின் 0.46 மைக்ரோமீட்டர் வெள்ளியாகத்தான் எஞ்சும். மின்தடை எண் 5 மைக்ரோஓம்-செ.மீ. உள்ள வெள்ளியில், 80 மைக்ரோமீட்டர் அகலமும் 5 மைக்ரோமீட்டர் உயரமும் கொண்ட விரல்கோட்டின் மின்தடை சென்டிமீட்டருக்கு 1.25 ஓம். உயரம் 0.46 ஆனால் அது 13 ஓமைத் தாண்டிவிடும். ஆகவே ஒரே கோட்டின் மேல் பத்து முறையாவது அச்சிட வேண்டியிருக்கும். உங்கள் கால அட்டவணையில் ஒரு கலத்துக்கு அரை நாள் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

4. வெள்ளிச் சேர்மத்தைக் குறைவாக வாங்குங்கள்

மேலே சொன்ன அளவில், 2 செ.மீ. நீளமுள்ள பத்து விரல்களில் அடங்கும் வெள்ளி 1 மில்லிகிராமுக்கும் குறைவு. ஆனால் 1.5 மி.லி. கொள்ளும் ஒரு கார்ட்ரிட்ஜை 20 சதவீத மையால் நிரப்பினால் அதில் 360 மில்லிகிராம் வெள்ளி இருக்கும். அதாவது நானூறு சோதனைக் கலங்களுக்குப் போதுமான வெள்ளி, துளை அடைத்துக்கொண்டால் ஒரே மாலையில் குப்பைக்குப் போகும். செலவு கலத்தில் ஆவதில்லை. கார்ட்ரிட்ஜிலும் வடிகட்டியிலும் கழுவுநீரிலும் ஆகிறது. அதனால் ஒரு முறைக்கு 10 கிராமுக்கு மேல் சேர்மம் வாங்க வேண்டாம். நான் 100 கிராம் வாங்கினேன். முக்கால் பங்கு இன்னும் அலமாரியில் இருக்கிறது.

விலையை ஒப்பிடும்போது புட்டியின் எடையைப் பார்க்காமல் உள்ளே இருக்கும் வெள்ளியைப் பாருங்கள். வெள்ளி நைட்ரேட்டில் 63.5 சதவீதமும் வெள்ளி அசிட்டேட்டில் 64.6 சதவீதமும் வெள்ளி. அன்றைய வெள்ளி விலையோடு இதைப் பெருக்கினால் அடிப்படை விலை கிடைக்கும். அதற்கு மேல் விற்பவர் கேட்பது தூய்மைக்கும் சிறு பொதிக்குமான கூலி. ஜி.எஸ்.டி.யையும் சேர்த்தே மதிப்பீடு போடுங்கள். ஆய்வு நிறுவனங்களுக்கு இருந்த 5 சதவீதச் சலுகை 2022 ஜூலை 18 முதல் இல்லை. பழைய கோப்புகளைப் பார்த்து மதிப்பீடு தயாரித்தால் பணம் போதாமல் போகும்.

பெரிய பொறி ஒன்று இருக்கிறது. வெள்ளி விலை நாள்தோறும் ஏறி இறங்குவதால், விற்பவர் தரும் விலைப்புள்ளி பெரும்பாலும் ஒரு வாரத்துக்கே செல்லும். நம் நிறுவனங்களில் மூன்று விலைப்புள்ளி வாங்கி, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, கொள்முதல் ஆணை வெளிவர ஆறு வாரம் ஆகும். ஆணை போய்ச் சேரும்போது விலை மாறியிருக்கும்; கோப்பு மறுபடி முதல் மேசைக்கே வரும். என் கோப்பு இப்படி மூன்று சுற்று சுற்றியது. விலைப்புள்ளி இன்றி நேரடியாக வாங்கும் வரம்பு உங்கள் நிறுவனத்தில் எவ்வளவு என்று கணக்குப் பிரிவில் கேட்டு, அதற்குள் அடங்கும் அளவாகப் பிரித்து, தேவைப்படும்போது மட்டும் வாங்குவதே வழி. ஒரே தேவையை ஒரே நாளில் துண்டு துண்டாகப் பிரித்தால் தணிக்கையில் கேள்வி வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கழுவுவதற்கு எத்தனால் வேண்டும் என்று எழுதாதீர்கள். தமிழ்நாட்டில் அதை வாங்கி வைத்திருக்க மதுவிலக்கு, ஆயத்தீர்வைத் துறையின் உரிமம் வேண்டும். ஐசோபுரோப்பனாலே பெரும்பாலான இடங்களில் போதும்.

5. மை தயாரித்தல்

இரண்டு வழிகள் உண்டு. எத்திலீன் கிளைக்காலில் வெள்ளி நைட்ரேட்டையும் பி.வி.பி. என்னும் பாலிமரையும் சேர்த்துச் சூடேற்றி நானோ துகள் பெறுவது ஒன்று. துகள் அழகாக வரும். மின்னணு நுண்ணோக்கிப் படமும் அழகாக இருக்கும். ஆனால் துகளைச் சுற்றி ஒட்டியிருக்கும் பி.வி.பி. 200 டிகிரிக்குள் சிதையாது. எத்தனை முறை கழுவினாலும் கொஞ்சம் எஞ்சி, துகளுக்கும் துகளுக்கும் இடையே காப்பாக நிற்கும். ஹெட்டரோஜங்ஷன் கலத்துக்கு இது சரிவராது.

இரண்டாவது வழி, துகளே இல்லாத வினை மை. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2012 இல் வெளியான முறை இதற்கு அடிப்படை. வெள்ளி அசிட்டேட்டை அடர் அம்மோனியாக் கரைசலில் கரைத்து, ஃபார்மிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, ஓர் இரவு வைத்து, கீழே படிந்த சாம்பல் நிறத் துகள்களை விட்டுவிட்டு, மேலே தெளிந்ததை 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்தால் மை தயார். 1 கிராம் அசிட்டேட்டுக்கு 2.5 மி.லி. அம்மோனியா, 0.2 மி.லி. ஃபார்மிக் அமிலம். அச்சிட்ட பின் அம்மோனியா வெளியேற, அமிலம் வெள்ளியை ஒடுக்குகிறது. 90 டிகிரியிலேயே திண்ம வெள்ளியை நெருங்கும் கடத்துதிறன் கிடைக்கும் என்பதுதான் இந்த மையின் கவர்ச்சி. பாகுநிலை குறைவாக இருப்பதால் 2,3-பியூட்டேன்டையால் போன்ற கொதிநிலை உயர்ந்த கரைப்பானைக் கொஞ்சம் சேர்த்து மூன்றாம் படியின் எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். கோட்டின் இரு ஓரங்களிலும் வெள்ளி ஒதுங்கி நடுவில் பள்ளம் விழும் குறையையும் அது தணிக்கும்.

பாதுகாப்பு பற்றி மிகையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அம்மோனியா கலந்த வெள்ளிக் கரைசல்களைத் தேக்கி வைத்தாலோ வற்றவிட்டாலோ வெடிக்கக்கூடிய வெள்ளிச் சேர்மம் உருவாகலாம். தொட்டாலே வெடிக்கும் தன்மை அதற்கு உண்டு. ஆகவே 10 மி.லி.க்கு மேல் ஒரு முறை தயாரிக்காதீர்கள். நச்சு ஆவியை வெளியே இழுக்கும் ஃபியூம் ஹூடுக்கு வெளியே செய்யாதீர்கள். வாரக் கடைசியில் குடுவையை அப்படியே விட்டு ஊருக்குப் போகாதீர்கள். மிச்சத்தை அன்றே நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றி வெள்ளிக் குளோரைடாகப் படியவைத்து, அந்த வெண்படிவைத் தனிப் புட்டியில் சேருங்கள். அதில் இருக்கும் வெள்ளியை மீட்க முடியும். வெள்ளி கறைபட்ட கண்ணாடிக் கலன்களை நைட்ரிக் அமிலத்தால் கழுவினால், பின் தண்ணீரால் பலமுறை அலசாமல் எத்தனாலோ அசிட்டோனோ ஊற்றக் கூடாது. இந்த விதிகளை எழுதி, நெறியாளரின் கையொப்பம் வாங்கி, ஹூடின் கண்ணாடியில் ஒட்டிய பிறகு முதல் தொகுதியைத் தொடங்குங்கள். எங்கள் வளாகப் பாதுகாப்புக் குழு ஆய்வுக்கு வந்தபோது கேட்ட முதல் தாள் அதுதான்.

மை பால் போல வெளுத்தால் குளோரைடு புகுந்திருக்கிறது என்று பொருள். குழாய்நீரில் கழுவிய பீக்கரோ, கையுறை போடாத விரலின் வியர்வையோ அதற்குப் போதும். அயனி நீக்கிய நீரைத் தவிர வேறு நீர் வெள்ளியின் அருகே வரக் கூடாது.

6. கண்ணாடியில் ஒரு வாரம் மட்டும்

கண்ணாடித் தகட்டில் அச்சிடுவது அச்சுப்பொறியைப் பழகுவதற்கே. படலத்தின் தாள் மின்தடையை, அதாவது ஒரு சதுரத் துண்டின் மின்தடையை, அளக்கும் நான்கு முனை ஆய்வியில் மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து 4.532 ஆல் பெருக்கும் சூத்திரம், ஆய்வி முனைகளின் இடைவெளியைவிடப் பல மடங்கு அகலமான படலத்துக்கே பொருந்தும். ஒல்லியான கோட்டில் அதைப் போட்டால் வரும் எண்ணுக்குப் பொருளில்லை. கோட்டுக்கு இரு முனை மின்தடையையும் குறுக்குவெட்டுப் பரப்பையும் அளந்து மின்தடை எண்ணைக் கணக்கிடுங்கள். உச்ச உயரத்தை அகலத்தால் பெருக்கிப் பரப்பு என்று எழுதிவிடாதீர்கள். வளைவின் கீழுள்ள உண்மைப் பரப்பு அதைவிடக் குறைவு. ஒப்பிட, திண்ம வெள்ளியின் மின்தடை எண் 1.59 மைக்ரோஓம்-செ.மீ. உங்களுக்கு 10க்குக் கீழே வந்தால் கண்ணாடியை விட்டு நகருங்கள்.

7. வேஃபரின் மேல் அச்சிடுதல்

ஒளியை உள்ளே சிக்கவைப்பதற்காக வேஃபரின் பரப்பு முழுவதும் சில மைக்ரோமீட்டர் உயரமுள்ள நுண்பிரமிடுகளாக அரிக்கப்பட்டிருக்கும். தண்ணீர் போன்ற மை அந்தப் பள்ளத்தாக்குகளின் வழியே, துணியில் விழுந்த துளியைப் போல ஊறிப் பரவும். கண்ணாடியில் 80 மைக்ரோமீட்டராக இருந்த என் கோடு வேஃபரில் 200ஐத் தாண்டியது. கலத்தின் முகத்தில் அவ்வளவும் நிழல். இதற்கு நான் கண்ட மருந்து வேஃபரை வைக்கும் தட்டைச் சூடாக்குவது: 60 டிகிரியில் வைத்தால் துளி பரவுவதற்குள் உறையத் தொடங்கும். மேலும் சூடாக்கினால் துளையருகே மை உலர்ந்து அடைத்துக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள சில டிகிரிகளைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரமும் ஐந்து கார்ட்ரிட்ஜும் ஆயின. உங்கள் மைக்கு அந்த எண் வேறாக இருக்கும். 50 டிகிரியில் தொடங்கி ஐந்தைந்தாக ஏற்றுங்கள், ஒவ்வொன்றிலும் கோட்டின் அகலத்தைப் படமெடுத்து வையுங்கள்.

ஓர் அடுக்கு உலர்ந்த பிறகே அடுத்த அடுக்கு. முதல் அடுக்கு சரியாகக் குறுகி விழுந்தால் மற்றவை அதன் மேலேயே அமரும், முதலடுக்கு அகன்றால் பிறகு எதுவும் செய்ய முடியாது. கடைசியில் ஓவனில் 180 டிகிரிக்கு மேல் போகாமல் பதப்படுத்துங்கள். ஓவனின் திரையில் தெரியும் எண்ணை நம்பாமல் வேஃபரின் மேலேயே வெப்பமின்னிரட்டையை ஒட்டி அளங்கள். எங்கள் ஓவனில் இரண்டுக்கும் 22 டிகிரி வேறுபாடு இருந்தது.

வினை மையால் வரும் வெள்ளி நுண்துளைகள் நிறைந்தது. ஒட்டும் வலிமை குறைவாக இருக்கலாம். ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி இழுத்துப் பாருங்கள். கோடு நாடாவோடு வந்துவிட்டால், தொடுமின்தடையை அளப்பதில் நேரத்தைச் செலவிடாமல் மைக்குத் திரும்புங்கள்.

8. தொடுமின்தடை: அவசரப்படக் கூடாத இடம்

வெள்ளி நன்றாகக் கடத்தலாம்; ஆனால் வெள்ளிக்கும் ஐ.டி.ஓ.வுக்கும் இடையிலுள்ள எல்லையைக் கடப்பதில் மின்னோட்டம் திணறினால் பயனில்லை. இதை அளக்க, ஒரே நீளமுள்ள இணைக்கோடுகளை வெவ்வேறு இடைவெளிகளில் அச்சிட்டு, அடுத்தடுத்த கோடுகளுக்கு இடையிலான மின்தடையை இடைவெளிக்கு எதிராக வரைபடமிட வேண்டும். நேர்கோட்டின் சாய்வு தாள் மின்தடையைத் தரும். மின்தடை அச்சில் அது வெட்டும் இடம் தொடுமின்தடையின் இருமடங்கு.

இங்கேதான் நான் வெட்கப்படும்படி ஆயிற்று. முதல் வரைபடத்தில் எனக்குத் தொடுமின்தடை எதிர்க்குறியில் வந்தது. கணக்கைச் சரிபார்த்தேன், கருவியைச் சரிபார்த்தேன், கம்பிகளை மாற்றினேன். காரணம் எளியது. தாள் மின்தடை சதுரத்துக்கு 100 ஓம், கோட்டின் நீளம் 10 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடுமின்தடை எண் 2.5 மில்லிஓம்-சதுர செ.மீ. என்னும் நல்ல நிலையில் இருந்தால், வரைபடத்தில் தெரியவேண்டிய வெட்டு 1 ஓம் மட்டுமே. ஆனால் 1 மி.மீ. என்று வரைந்த இடைவெளி, கோடுகள் பரவியதால் உண்மையில் 0.88 மி.மீ. ஆக இருந்தால், ஒவ்வொரு புள்ளியும் 1.2 ஓம் கீழே இறங்கிவிடும். 1 ஓமைத் தேடும் இடத்தில் 1.2 ஓம் பிழை. வரைபடத்தில் வரைந்த இடைவெளியை எழுதாதீர்கள். ஒவ்வோர் இடைவெளியையும் நுண்ணோக்கியில் அளந்து எழுதுங்கள். இடைவெளிகளை 0.2 மி.மீ. முதல் 2 மி.மீ. வரை வைத்துக்கொண்டால் வெட்டு தெளிவாகத் தெரியும்.

அடுத்த பொறி கலத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. எலக்ட்ரான்களே மிகுதியாக மின்னோட்டத்தைச் சுமக்கும் என்-வகை வேஃபரில், அதே வகை அடுக்குள்ள என்-பக்கத்தில் அளந்தால், மின்னோட்டம் ஐ.டி.ஓ. வழியாக மட்டும் போகாமல் அடியிலுள்ள வேஃபரின் வழியாகவும் போகும். சாய்வு தாள் மின்தடையைக் குறைத்துக் காட்டும், தொடுமின்தடையும் குழம்பும். இதற்காகவே சாட்சித் தகடு. கண்ணாடி கடத்தாது என்பதால், அதன் மேலுள்ள ஐ.டி.ஓ.வில் கிடைக்கும் விடை வெள்ளிக்கும் ஐ.டி.ஓ.வுக்கும் இடையிலான விடை மட்டுமே. முதலில் அதில் அளந்து, சாய்விலிருந்து கிடைத்த தாள் மின்தடையும் நான்கு முனை ஆய்வியில் கிடைத்ததும் ஒத்துவருகின்றனவா என்று பாருங்கள். ஒத்துவராத வரை அந்த அளவீட்டை எவரிடமும் காட்ட வேண்டாம்.

9. கலமாக அளத்தல்

சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளியில், 25 டிகிரியில், அதே தொகுதியின் வணிகப் பசைக் கலத்தை முதலிலும் உங்கள் கலத்தை அடுத்தும் அளங்கள். வேஃபரை வெட்டிச் சிறு கலம் செய்திருந்தால் வெட்டிய ஓரங்களில் இழப்பு கூடும். ஒப்பீட்டுக் கலத்தையும் அதே அளவுக்கு, அதே முறையில் வெட்டியிருக்க வேண்டும். திறந்த சுற்று மின்னழுத்தம் குறைந்திருந்தால் பதப்படுத்தும் சூடு அடுக்கைக் கெடுத்திருக்கிறது. ஃபில் ஃபேக்டர் (திறந்த சுற்று மின்னழுத்தம், குறுக்குச் சுற்று மின்னோட்டம் இரண்டின் பெருக்கத்தில் கலம் தரும் உச்சத் திறன் எத்தனை பங்கு என்பது) மட்டும் குறைந்திருந்தால் பழி கோட்டின் மீதோ தொடுகையின் மீதோ. மின்னோட்டம் குறைந்திருந்தால் கோடுகள் அகலம்.

10. காப்புரிமையும் மையை வெளியே அனுப்புதலும்

கருத்தரங்கச் சுருக்கம் அனுப்புவதற்கு முன் தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்துவிடுங்கள். கல்வி நிறுவனத்தின் பெயரில் இணையவழித் தாக்கலுக்கு அரசுக் கட்டணம் ₹1,600. முழு விவரக்குறிப்புக்கு அதிலிருந்து 12 மாதம். பரிசோதனைக்கான கோரிக்கை படிவம் 18, அதற்கு ₹4,000, முன்னுரிமைத் தேதியிலிருந்து 31 மாதத்துக்குள். முதல் தாக்கலுக்கு படிவம் 1, 2 ஆகியவற்றோடு கட்டணச் சலுகைக்காக படிவம் 28 வேண்டும். 3, 5 ஆகியவற்றையும் அப்போதே தயார்செய்து வையுங்கள். கண்டுபிடிப்பாளர்கள் அனைவரும் கையொப்பமிட வேண்டும் என்பதால், படிப்பு முடித்து வெளியூர் சென்ற இளநிலை மாணவரின் கையொப்பத்தை முன்கூட்டியே பெறுங்கள். மை என்பது கலவை. "தெரிந்த பொருள்களை வெறுமனே கலந்தது" என்று காப்புரிமைச் சட்டத்தின் 3(e) பிரிவின் கீழ் ஆட்சேபம் வருவது வழக்கம். ஒவ்வொரு சேர்மானமும் இல்லாமல் தயாரித்த மையின் எண்களை ஒரே அட்டவணையில் வைத்திருந்தால் அதற்குப் பதில் சொல்லலாம். அந்தச் சோதனைகளைப் பின்னால் திரும்பச் செய்ய அதே தொகுதி வேஃபர் கிடைக்காது.

மையை வேறு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தால், வினை மையை அனுப்பவே வேண்டாம். செய்முறையை ஒப்பந்தத்துக்கு உட்பட்டு அனுப்பி, அங்கேயே தயாரிக்கச் சொல்லுங்கள். வெள்ளி நைட்ரேட் ஐ.நா. எண் 1493 கொண்ட ஆக்சிஜனேற்றி. எளிதில் தீப்பற்றும் கரைப்பானிலுள்ள அச்சு மை ஐ.நா. எண் 1210. இரண்டையும் பாதுகாப்புத் தரவுத்தாளும் அபாயப் பொருள் அறிவிப்பும் இல்லாமல் வான்வழிக் கூரியர் ஏற்காது. "ஆய்வக மாதிரி" என்று மட்டும் எழுதிக் கொடுத்த என் பொதி ஒன்பது நாள் கழித்துப் பிரிக்கப்பட்ட நிலையில் திரும்பி வந்தது. தரவுத்தாளை நீங்களே எழுத இரண்டு நாள் ஆகும். மை தயாரித்த வாரமே எழுதி வையுங்கள்.